பதில் வராத பேட்ச்

ஓபன்எஸ்எஸ்எல் மென்பொருளின் ஒரு வரியில் 2014 வரை ஒரு நிபந்தனை குறைந்திருந்தது. இணையத்தில் கடவுச்சொல்லும் வங்கி விவரமும் மறைகுறியாக்கப்பட்டுப் போகின்றன என்றால், ஏராளமான சர்வர்களில் அந்த வேலையைச் செய்வது இந்த மென்பொருள்தான். வந்து சேரும் தரவை வைத்துக்கொள்ள நினைவகத்தில் ஓர் இடம் எடுத்துக்கொள்ளும். படித்து முடித்ததும் அந்த இடத்தைத் திருப்பிக் கொடுக்கும். கையிலிருக்கும் பதிவு தீர்ந்துவிட்டதா என்று அந்த வரி கேட்டது. ஆனால் அதே இடத்தில் இன்னும் படிக்காத தரவு மிச்சம் இருக்கிறதா என்று கேட்கவில்லை. மிச்சம் இருக்கும்போதே இடம் கைமாறினால், ஒருவருடைய இணைப்பில் இன்னொருவருடைய தரவு வந்து கலக்கலாம். மிச்சம் பூஜ்ஜியமா என்று கேட்கும் ஒரே ஒரு நிபந்தனையைச் சேர்த்தால் தீரும் பிழை இது.

2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற வேறொரு ஓட்டை வெளியாகி உலகமே பதறிக்கொண்டிருந்த நேரத்தில், ஓபன்பிஎஸ்டி இயங்குதளத்தின் நிரலாளர் டெட் உனாங்ஸ்ட் ஓபன்எஸ்எஸ்எல்லைக் குடைந்து பார்த்தார். அந்த மென்பொருள் தனக்கென்று ஒரு நினைவகச் சேமிப்பை வைத்திருந்தது. அதை நிறுத்திவிட்டு, இயங்குதளத்தின் வழக்கமான நினைவக ஏற்பாட்டோடு ஓட்டிப் பார்த்தால் இணைப்புகள் அறுந்தன. காரணம் இதுதான்: சொந்தச் சேமிப்பில் கடைசியாகத் திருப்பிக் கொடுத்த இடமே முதலில் திரும்பக் கிடைக்கும். அவசரப்பட்டுக் கொடுத்துவிட்ட இடம் உள்ளே இருந்த தரவு கலையாமல் மறுபடி கைக்கு வந்துவிடும். பெரும்பாலான சமயங்களில் தவறு தன்னைத்தானே மூடிக்கொண்டது. தேடியபோது, இதைப் பற்றிய புகார் திட்டத்தின் சொந்தப் பதிவேட்டிலேயே 2010 முதல் கிடப்பது தெரிந்தது. ஓபன்பிஎஸ்டி அந்த ஏப்ரலிலேயே திருத்திக்கொண்டது; ஓபன்எஸ்எஸ்எல்லின் சொந்த வெளியீட்டில் திருத்தம் ஏறியது ஜூன் மாதம். பாதுகாப்புக் குறைகளுக்கான பொதுப் பட்டியலில் 2014இல்தான் அதற்கு எண் ஒதுக்கினார்கள். ஆனால் அந்த எண்ணில் இருக்கும் ஆண்டு 2010.

திட்டுவது சுலபம். அப்போது ஓபன்எஸ்எஸ்எல்லுக்கு முழுநேரமாக உழைத்தவர் ஒரே ஒருவர். ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர் நன்கொடை வந்துகொண்டிருந்தது. உலக வணிகமே சாய்ந்திருந்த தூணின் பராமரிப்புச் செலவு அவ்வளவுதான். ஹார்ட்பிளீட்டுக்குப் பிறகு லினக்ஸ் அறக்கட்டளை நிதி திரட்டியது, ஆள் சேர்ந்தது, புகார்க் குவியலை முதலில் தீர்ப்போம் என்று திட்டமே எழுதி வெளியிட்டது. பணம் ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் பணம் புழங்கும் திட்டங்களிலும் பேட்ச்கள் கிடப்பில் கிடக்கின்றன. ஏன் என்பதைப் பார்க்க, பேட்ச் ஒன்று வந்து சேரும்போது என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

நிரலில் எந்த வரியை எடுத்துவிட்டு எந்த வரியைச் சேர்க்க வேண்டும் என்று கழித்தல், கூட்டல் குறிகளோடு எழுதி அனுப்பும் சிறு கோப்புதான் பேட்ச். எழுதியவருக்கு ஓர் அரிப்பு இருந்தது, அதைத் தீர்க்க எழுதினார். ஆறு வரிதான். வாங்கிப் படிக்கும் பராமரிப்பாளருக்கோ வேலை ஆறு வரியோடு நிற்பதில்லை. சொல்லப்படும் வழு உண்மையிலேயே இருக்கிறதா? இந்தத் திருத்தம் வேரைத் தொடுகிறதா, மேலே பூசுகிறதா? பழைய கணினியில், வேறு கம்பைலரில், வேறு மொழி அமைப்பில் என்ன ஆகும்? இப்போதிருக்கும் கோணல் நடத்தையை நம்பி எவராவது நிரல் எழுதி வைத்திருக்கிறார்களா? சோதனை எங்கே? எல்லாம் சரியென்று சேர்த்துவிட்டால், எழுதியவர் மறுநாளே வேறு வேலைக்குப் போய்விடலாம். அந்த ஆறு வரிக்கு அடுத்த பத்து ஆண்டு பதில் சொல்ல வேண்டியவர் சேர்த்தவர். ‘சரி’ என்றால் பொறுப்பு. ‘வேண்டாம்’ என்றால் காரணம் எழுத வேண்டும், அதற்கு வரும் மறுப்புக்கும் பதில் எழுத வேண்டும். பேசாமல் இருந்தால் இன்றைக்கு ஒரு செலவும் இல்லை. எனவே பேசாமல் இருக்கிறார்கள். இதைச் சோம்பல் என்று நான் சொல்லமாட்டேன். கணக்குப் பார்த்தால் எவரும் இதைத்தான் செய்வார்.

என் வாதம் இவ்வளவுதான்: திறமூலத் திட்டங்களைக் கெடுப்பது மறுப்பு அல்ல, மௌனம். மனுவை வாங்கிக்கொண்டு ரசீதும் தராமல், தள்ளுபடி என்றும் சொல்லாமல் இருக்கும் தாலுகா அலுவலகம்போல, பேட்ச் அனுப்பியவரைத் திட்டம் வாசலிலேயே நிறுத்தி வைக்கிறது. இதைச் சமாளித்த திட்டங்கள் எல்லாப் பேட்சையும் ஏற்றுக்கொண்டவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிலையைச் சொல்லக் கற்றுக்கொண்டவை.

லினக்ஸ் இதைச் சண்டை போட்டுத்தான் கற்றது. 1990களில் எல்லாப் பேட்சும் அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் அஞ்சல்பெட்டிக்குப் போனது. பிடித்ததை எடுத்துக்கொள்வார்; மற்றவை காற்றில் போகும். மறுத்தாரா, பார்க்கவே இல்லையா என்று அனுப்பியவருக்குத் தெரியாது. மறுபடி அனுப்பு, மறுபடியும் அனுப்பு என்பதே எழுதப்படாத விதி. அவசியமான பேட்சாக இருந்தால் எவராவது மறுபடி அனுப்புவார் என்று லினஸ் வெளிப்படையாகவே நம்பினார். விடாப்பிடியான ஆளின் சுமாரான பேட்ச் உள்ளே வரும், கூச்சமுள்ள ஆளின் நல்ல பேட்ச் வெளியே நிற்கும் என்பது இந்த முறையின் விளைவு. 1998இலேயே இது வெடித்தது. ஒற்றை ஆளால் இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது என்று உள்ளேயிருந்தவர்களே சொன்னார்கள். 2002 ஜனவரியில் நிரலாளர் ராப் லேண்ட்லி ஒரு யோசனையை முன்வைத்தார்: சிதறிக் கிடக்கும் பேட்ச்களைச் சேகரித்து, ஒன்றுக்கொன்று மோதாமல் இணைத்து, லினஸிடம் கொண்டுசேர்க்க ஒருவரை நியமிக்கலாம். அந்தப் பதவிக்கு ‘பேட்ச் பெங்குவின்’ என்று பேர் வைத்தார்.

லினஸ் ஏற்கவில்லை. தனக்கு நம்பிக்கையுள்ள கொஞ்சம் பேரோடு மட்டுமே தன்னால் வேலை செய்ய முடியும், அவர்கள் இன்னும் கொஞ்சம் பேரை நம்பட்டும் என்பது அவர் நிலை. ஆனால் அந்தச் சண்டையின் சூட்டில், அடுத்த மாதமே நிரல் மாற்றங்களைப் பதிந்து இணைக்கும் பிட்கீப்பர் என்ற கருவிக்கு மாறினார். அது கட்டற்ற மென்பொருள் இல்லை என்று பலர் கொதித்தார்கள். 2005இல் அதன் இலவச உரிமம் போனது. ஏப்ரலில் லினஸ் தானே உட்கார்ந்து அதற்கு மாற்றாகக் கிட் எழுதினார். இன்று உலகம் முழுக்க நிரலாளர்கள் புழங்கும் கருவியின் பூர்வகதையில் பதில் வராத பேட்ச்களுக்கு ஒரு பங்கு உண்டு. பேட்ச் பெங்குவின் சண்டை நடந்த காலத்தில் லினக்ஸ் நிரலாளர் ரஸ்டி ரஸ்ஸல் செய்ததையும் சொல்ல வேண்டும். எழுத்துப்பிழை, ஒற்றை வரித் திருத்தம் போன்ற அற்பப் பேட்ச்களுக்கென்று தனி முகவரி திறந்து, அவற்றைத் திரட்டி மொத்தமாக அனுப்பும் வேலையை எடுத்துக்கொண்டார். பெரிய ஆட்கள் சீண்டாத வேலை. புதிதாக வருபவரின் முதல் பேட்ச் பெரும்பாலும் அந்த ரகம்தான்.

இன்றைய லினக்ஸில் பராமரிப்பாளர் பட்டியல் ஒரே கோப்பாக நிரலுக்குள்ளேயே இருக்கிறது. 20,000 வரிகளைத் தாண்டியது. எந்தக் கோப்பைத் தொட்டால் எவருக்கு அனுப்ப வேண்டும் என்று அதைப் படித்துச் சொல்ல ஒரு சிறு நிரலும் உண்டு. எனக்குப் பிடித்தது அந்தப் பட்டியலின் நிலைக் குறிப்புகள். சம்பளம் வாங்கிக்கொண்டு ஒருவர் பார்க்கிறார் என்பதற்கு ஒரு சொல். சம்பளமில்லாவிட்டாலும் ஒருவர் பார்க்கிறார் என்பதற்கு ஒன்று. எப்போதாவது கைவைப்பார், அதற்குமேல் எதிர்பார்க்காதே என்பதற்கு ஒன்று. அநாதை என்பதற்கு ஒன்று. அநாதை என்று பச்சையாக எழுதிவைப்பதில் ஒரு நேர்மை இருக்கிறது. அனுப்பும் முன்பே எதிர்பார்ப்பு சரியாகிவிடுகிறது. ஒரு வாரமாவது பொறு, பிறகு நினைவூட்டு என்று கையேடும் சொல்கிறது. எவருடையதும் அல்லாத பேட்ச்களைக் கடைசிப் புகலிடமாக ஆண்ட்ரூ மார்ட்டன் நெடுங்காலமாக வாங்கிக்கொள்கிறார். இத்தனைக்குப் பிறகும் கிடப்பில் கிடப்பவை ஏராளம். ஆனால் கதவு எது என்பதாவது தெரிகிறது.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளக் குழு வேறு வழியில் போனது. 8.3 பதிப்புக்கான புதிய வசதிகளை 2007 ஏப்ரலில் முடக்கினார்கள். வெளியீடு வந்தது 2008 பிப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில் பெரும்பகுதியைத் தின்றது, முடக்கத்துக்கு முன்பே வந்து படிக்கப்படாமல் கிடந்த பேட்ச்கள். அதுவரை நிலுவைகளை புரூஸ் மோம்ஜியன் தன் அஞ்சல் கோப்புறையில் கட்டிக் காத்துவந்தார். 2008 மார்ச்சில் ‘கமிட்ஃபெஸ்ட்’ தொடங்கியது. யோசனை எளிது: குறிப்பிட்ட மாதங்களில் ஒவ்வொருவரும் தன் புது வேலையைத் தள்ளிவைத்துவிட்டு அடுத்தவர் பேட்சைப் படிக்க வேண்டும். பின்னர் இது ஜூலை, செப்டம்பர், நவம்பர், ஜனவரி, மார்ச் என்று வளையமாக நிலைத்தது. ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மேலாளர். நினைவூட்டி, கெஞ்சி, விரட்டுவது அவர் வேலை. நன்றி கிடைக்காத வேலை அது.

இதில் இரண்டு நுணுக்கங்கள். ஒன்று, பேட்ச் கொடுத்தவர் ஏறத்தாழ அதே கனமுள்ள இன்னொருவர் பேட்சைப் படித்துக் கருத்துச் சொல்ல வேண்டும். எழுதுவோர் கூடினால் படிப்போரும் கூடுவார்கள். பைத்தான் மொழிக் குழுவில் மார்ட்டின் ஃபான் லோவிஸ் தனியாளாகவே இதுபோல ஒரு பேரம் வைத்திருந்தார்: நீ ஐந்து பேட்ச் பார், உன்னுடையதை நான் பார்க்கிறேன். இரண்டாவது நுணுக்கம், ஒவ்வொரு பேட்சுக்கும் ஒரு நிலை உண்டு: பார்வைக்குக் காத்திருக்கிறது, எழுதியவரிடம் இருக்கிறது, சேர்க்கத் தயார், சேர்த்தாயிற்று, கருத்தோடு திருப்பியனுப்பப்பட்டது, நிராகரிக்கப்பட்டது. பந்து எவர் பக்கம் என்பது எந்த நேரத்திலும் தெரியும். ‘திருப்பியனுப்பப்பட்டது’ என்பது மரியாதையான மறுப்பு. ‘இப்போது இப்படி வேண்டாம், இதைச் சரிசெய்துகொண்டு வா’ என்று அதற்குப் பொருள்.

ஆனாலும் இதற்கும் ஒரு கள்ளவழி முளைத்தது: ‘அடுத்த கமிட்ஃபெஸ்டுக்கு மாற்று’ என்ற நிலை. முடிவெடுக்கச் சங்கடமான பேட்ச்கள் ஜூலையிலிருந்து செப்டம்பருக்கு, அங்கிருந்து நவம்பருக்கு என்று நகர்ந்துகொண்டே இருக்கும். மௌனத்துக்கு ஒரு பதிவெண் கிடைத்தது, அவ்வளவுதான். சேர்க்கும் அதிகாரம் சுமார் 30 பேரிடம். காத்திருக்கும் பேட்ச்கள் நூற்றுக்கணக்கில். எந்த ஏற்பாடும் இந்தக் கணக்கை மாற்றிவிடாது.

வழுப் புகார்களின் நிலைமை இன்னும் மோசம். பேட்ச் எழுத நிரல் தெரிய வேண்டும். புகார் எழுதக் கோபம் போதும். 1998இல் மொஸில்லாவுக்காக டெர்ரி வைஸ்மன் எழுதிய பக்ஸில்லா என்ற புகார்ப் பதிவேடு பொதுவெளிக்கு வந்ததும் எவரும் புகார் பதியலாம் என்றானது. புகார்களை வகைபிரிப்பது தனிவேலையாக முளைத்தது: ஏற்கெனவே உள்ளதா, மறுபடி நிகழ்த்திக் காட்ட முடிகிறதா, எந்தப் பகுதியைச் சேர்ந்தது, எவ்வளவு தீவிரம். அப்பாச்சி, எக்லிப்ஸ், மொஸில்லா நிரலாளர்களிடமும் புகார் கொடுப்போரிடமும் நிக்கோலஸ் பெட்டன்பர்க்கும் உடனாய்வாளர்களும் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வு ஒரு முரணைக் காட்டியது. நிரலாளருக்கு மிகவும் உதவுபவை, வழுவை மறுபடி வரவழைக்கும் படிகளும், நிரல் விழுந்த இடத்தின் தடமும், சோதனை உதாரணமும். புகார் கொடுப்பவருக்குத் தரக் கடினமானவையும் அவைதாம். இந்த இடைவெளியை நிரப்பப் பெரிய நிரலாளர் தேவையில்லை. பொறுமையும், இரண்டு மூன்று பதிப்புகளை நிறுவிப் பார்க்கும் மனமும் இருந்தால் போதும். ‘திறக்க முடியவில்லை’ என்று வந்த ஒற்றை வரிப் புகாரை, ‘இந்தப் பதிப்பில், இந்தக் கோப்பை, இந்த வரிசையில் செய்தால் விழுகிறது, முந்தைய பதிப்பில் விழவில்லை’ என்று ஆக்கிக் கொடுப்பவர் பாதி வேலையை முடித்துவிட்டார். அவர் பெயர் எந்த வெளியீட்டுக் குறிப்பிலும் வருவது அபூர்வம்.

குவியலைக் குறைக்கக் குறுக்குவழிகளும் உண்டு. உபுண்டு இயங்குதளத்தின் பதிவேட்டில் ‘விவரம் போதாது’ என்று குறித்த புகார் 60 நாள் அசைவில்லாமல் கிடந்தால் காலாவதியாகும். க்னோம் என்ற மேசைத்தள மென்பொருளின் 2ஆம் பதிப்பு வெளிவந்த காலத்தில், நிரலைப் புதிதாக எழுதிவிட்டோம், பழைய வழு இன்னும் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள் என்று புகார்களைக் கூண்டோடு மூடினார்கள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த நிரலாளர் ஜேமி ஜவின்ஸ்கி 2003இல் அதைக் கிழிகிழியென்று கிழித்து எழுதினார். இப்போது கிட்ஹப்பில் பழைய புகார்களை மூடும் வேலையைத் தானியங்கிகள் செய்கின்றன. பரவலாகப் புழங்கும் ஒன்றின் இயல்பான அமைப்பு இது: 60 நாள் எவரும் பேசாவிட்டால் ‘பழையது’ என்று முத்திரை, மேலும் 7 நாள் கழித்து மூடல். புகார் கொடுத்தவர் ஒரு சனிக்கிழமையைச் செலவழித்து விவரமெல்லாம் எழுதியிருப்பார். மனிதர் எவரும் படிக்காமலேயே அது மூடப்படும். இதைத் துப்புரவு என்று சொல்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. எண்ணிக்கை குறைகிறது, வழு அங்கேயே இருக்கிறது. ‘இதைச் செய்ய எங்களுக்கு ஆளில்லை’ என்று ஒரு மனிதர் எழுதி மூடியிருந்தால் அதே முடிவு கௌரவமாக இருந்திருக்கும்.

இந்த மௌனத்தை எவராவது ஆயுதமாக்கினால் என்ன ஆகும் என்று 2024 மார்ச் 29இல் தெரிந்தது. எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கக் கருவியை லாசே காலின் பல ஆண்டுகளாக, ஊதியமில்லாமல், ஓய்வுநேர வேலையாகப் பராமரித்துவந்தார். 2021இன் இறுதியில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் சிறு பேட்ச்களை அனுப்பத் தொடங்கினார். 2022இல், வேறு சில பெயர்களில் குரல்கள் எழுந்தன: பேட்ச்கள் இங்கே ஆண்டுக்கணக்கில் கிடக்கின்றன, பராமரிப்பாளருக்கு ஆர்வம் போய்விட்டது, இன்னொருவரிடம் ஒப்படைத்தால் என்ன. இது சம்பளமில்லாத பொழுதுபோக்குத் திட்டம் என்று காலின் நினைவுபடுத்திப் பார்த்தார். குரல்கள் அடங்கவில்லை. மெல்ல மெல்ல ஜியா டான் கைக்குச் சேர்க்கும் அதிகாரமும் வெளியிடும் அதிகாரமும் வந்தன. 2024 பிப்ரவரி, மார்ச்சில் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள் பின்கதவு இருந்தது. அது எஸ்எஸ்எச் என்ற தொலை உள்நுழைவு வசதி வழியாகச் சர்வர்களுக்குள் நுழைய வழிசெய்யும்.

கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட், போஸ்ட்கிரெஸ்ஸில் பேட்ச் சேர்க்கும் அதிகாரமுள்ளவர்களில் ஒருவர். உள்நுழைவுக்குச் சுமார் அரை விநாடி கூடுதலாகிறதே என்று அவர் விடாமல் தேடியதால் பிடிபட்டது. அந்தக் குரல்கள் சொன்ன குறை பொய்யில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பேட்ச்கள் உண்மையிலேயே கிடந்தன. உண்மையான குறையைச் சொல்லி நெருக்கியதால்தான் அது எடுபட்டது. நியாயமான ஆத்திரமும் திட்டமிட்ட நெருக்கடியும் படிப்பவர் கண்ணுக்கு ஒரே மாதிரி தெரிந்தன. பதிவேட்டில் ‘எப்போதாவதுதான் பார்க்க முடியும்’ என்ற ஒரு நிலைக் குறிப்பு இருந்து, அதை எல்லாரும் மதிக்கும் வழக்கமும் இருந்திருந்தால் நெருக்கடிக்குப் பிடிமானம் குறைந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

எழுதும் செலவுக்கும் படிக்கும் செலவுக்கும் இடையிலிருந்த இடைவெளியை இப்போது செயற்கை நுண்ணறிவு கிழித்தே விட்டது. பாதுகாப்பு ஓட்டை என்று சொல்லி, வழுவழுப்பான நடையில், இல்லாத செயல்கூற்றை மேற்கோள் காட்டி வரும் புகார்களைப் பற்றிக் கர்ல் என்ற தரவுப் பரிமாற்றக் கருவித் திட்டத்தின் டேனியல் ஸ்டென்பெர்க் திரும்பத் திரும்ப எழுதினார். உருவாக்க ஒரு நிமிடம். பொய் என்று நிறுவ மூன்று நான்கு பேருக்கு ஆளுக்கு அரை மணி முதல் சில மணி நேரம் வரை. 2019 முதல் ஓட்டை கண்டுபிடிப்போருக்குக் கொடுத்துவந்த வெகுமதித் திட்டத்தையே 2026 ஜனவரியோடு கர்ல் நிறுத்தியது.

படிப்பதற்கே சம்பளம் கொடுப்பது ஒரு வழி. பைத்தான் மென்பொருள் அறக்கட்டளை 2021இல் கூகிளின் நிதியோடு உக்காஷ் லாங்காவை முழுநேரமாக அமர்த்தியபோது, தேங்கிக் கிடந்த பேட்ச்களைத் தீர்ப்பது அவர் வேலைகளில் முக்கியமானது. புது வசதி எழுத அல்ல, அடுத்தவர் எழுதியதைப் படிக்க ஒருவருக்குச் சம்பளம் என்பது திறமூல உலகில் அரிய காட்சி. ஜெர்மனி அரசின் நிதியமும் அடித்தளத் திட்டங்களின் பராமரிப்புக்குப் பணம் தருகிறது. பெரிய பெயர்களுக்கு இது கிடைக்கும். ஒற்றை ஆள் நடத்தும் ஆயிரக்கணக்கான சிறு மென்பொருள்களுக்கு வராது.

அவற்றுக்கு டெபியன் என்ற இயங்குதளத் திட்டம் வைத்திருக்கும் ஏற்பாட்டைக் கொஞ்சம் கூர்ந்து பார்க்கலாம். அங்கே ஒவ்வொரு மென்பொருள் தொகுப்புக்கும் ஒரு பராமரிப்பாளர். அவர் காணாமல் போனால் முன்பு திண்டாட்டம்தான்: அவராக விட்டுக்கொடுக்க வேண்டும், அல்லது அவரைத் தேடிப் பிடிக்கும் குழு வழியாகப் போக வேண்டும். பராமரிப்பாளர் அல்லாதவரும் அவசரத் திருத்தத்தை ஏற்றலாம், ஆனால் தொகுப்பு அவர் கைக்கு வராது. 2018இல் ‘மீட்பு’ என்று ஒரு நடைமுறை வந்தது. புகார்களுக்குப் பதிலில்லை, மூல மென்பொருளின் புதுப் பதிப்புகள் வந்தும் தொகுப்பு புதுப்பிக்கப்படவில்லை, வெளியாட்களே தொடர்ந்து திருத்தம் ஏற்றுகிறார்கள் என்ற அறிகுறிகள் இருந்தால், எவரும் ‘நான் எடுத்துக்கொள்ள நினைக்கிறேன்’ என்று அந்தத் தொகுப்பின் மேலேயே ஒரு புகாராகப் பதியலாம். இந்நாள் பராமரிப்பாளருக்கு அது நேராகப் போய்ச் சேரும். குறைந்தது 21 நாள் காத்திருக்க வேண்டும். பிறகு புதுத் தொகுப்பை ஏற்றலாம், அதுவும் குறைந்தது 7 நாள் தாமதமாக நடைமுறைக்கு வரும் வரிசையில். இத்தனை நாளில் எந்த நேரத்திலும் பழையவர் ‘வேண்டாம்’ என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் போதும், காரியம் அங்கேயே நின்றுவிடும்.